காற்றும் வெயிலும் பாதிப் பங்கைச் சுமக்கும்போது மின்தொகுப்பு தாங்குமா?

கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலோ காற்றாலைகளிலிருந்தும் சூரியத் தகடுகளிலிருந்தும் வரத் தொடங்கினால், மின் நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையான மின்தொகுப்பு தாங்குமா? போதுமான பேட்டரிகளை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தாங்கும். ஆனால் பேட்டரி மட்டும் போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் பலர் கவலைப்படுவது ஒரு பக்கம், உண்மையான சிக்கல் இன்னொரு பக்கம் இருக்கிறது.

“இரவில் வெயில் இல்லை, காற்று எப்போது நிற்கும் என்று தெரியாது” என்பதுதான் வழக்கமான ஆட்சேபம். அந்தச் சிரமம் உண்மைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் மூன்று பெரிய மின்தடைகளில் ஒன்றுகூட வெயில் மறைந்ததால் வந்ததில்லை, காற்று ஓய்ந்ததால் வந்ததுமில்லை. மூன்றிலும் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் நன்றாகவே மின்சாரம் தந்துகொண்டிருந்தன. கோளாறு வேறெங்கோ இருந்தது.

எந்த நாட்டின் மின் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருக்கும். 50.01, 49.98, 50.00 என்று நொடிக்கு நொடி மாறும். சில நாடுகளில் அது 60ஐ ஒட்டி இருக்கும். அதுதான் அதிர்வெண்: மின்சார அலை ஒரு நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்ற கணக்கு, ஹெர்ட்ஸில். உற்பத்தியும் தேவையும் அந்தக் கணத்தில் சமமாக இருந்தால் எண் அசையாது. தேவை மிஞ்சினால் இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். கம்பிகளுக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்க இடம் கிடையாது. ஆகவே இந்தச் சமநிலையை ஆண்டு முழுவதும், ஒரு நொடிகூடக் கைநழுவாமல், பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏதாவது ஒரு பெரிய மின் நிலையம் திடீரென்று நின்றுபோனால், முதல் சில நொடிகளுக்கு மின்தொகுப்பைப் பிடித்துக்கொள்வது சுழலும் இரும்பு. அனல் மின் நிலையத்தின் டர்பைனும் அதோடு பிணைந்த ஜெனரேட்டரும் நூற்றுக்கணக்கான டன் எடை கொண்டவை. 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுபவை. இவை தனித்தனியாகச் சுற்றுவதில்லை. போர்ச்சுகலிலிருந்து துருக்கி வரை ஒரே மின்தொகுப்பில் இணைந்திருக்கும் எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. எங்கோ ஒன்று விழுந்தால் மற்ற அனைத்தும் தங்கள் சுழற்சியில் இருக்கும் ஆற்றலில் ஒரு சிறு பங்கைத் தாமாகவே கொடுத்து, துளி வேகம் குறைகின்றன. யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. இயற்பியல் விதியே அதைச் செய்கிறது. சுழலும் பொருள் தன் வேகத்தை எளிதில் விடாத இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். அது வாங்கித் தரும் ஓரிரு நொடிகளுக்குள் நீராவி வால்வுகள் திறந்து, மற்ற நிலையங்கள் கைகொடுக்க வந்துவிடும்.

சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. காற்றாலையில் பெரிய இறக்கைகள் சுழன்றாலும், இன்றைய காற்றாலைகளுக்கும் மின்தொகுப்புக்கும் நடுவே மின்னணுச் சாதனம் நிற்கிறது. தொகுப்பில் நேரும் அதிர்ச்சி அந்த இறக்கைகளை எட்டுவதே இல்லை. இந்த இரண்டுக்கும் வாசற்காவல், அவற்றின் மின்சாரத்தைத் தொகுப்புக்கு ஏற்ற அலையாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர்தான். வழக்கமான இன்வெர்ட்டர், தொகுப்பில் ஏற்கெனவே ஓடும் அலையைக் கவனித்து, அதே தாளத்தில் தன் மின்சாரத்தைச் செலுத்தும். பக்கத்தில் பாடுபவரின் சுருதியைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு பாடுபவரைப் போல. பத்துப் பேரில் ஒருவர் அப்படிப் பாடினால் கச்சேரிக்கு ஒன்றும் ஆகாது. பத்தில் எட்டுப் பேர் அடுத்தவரைக் கேட்டே பாடுகிறார்கள் என்றால், சுருதி கொடுப்பது யார்?

என் கருத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. காற்றாலையும் சூரியத் தகடும் முதலில் வந்தபோது அவை வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். விருந்தாளியிடம் யாரும் வேலை வாங்குவதில்லை. “நீ பாட்டுக்கு மின்சாரம் கொடு, வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால் ஒதுங்கி நில், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பதுதான் அன்றைய விதி. அன்றைக்கு அது சரியான விதி. விருந்தாளிகள் பெருகிக் குடும்பத்தில் பாதியாகிவிட்ட பிறகும் அதே விதியை வைத்துக்கொண்டிருந்ததால் வந்த வினைகளே அதிகம்.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே கூரைகளில் பொருத்தப்பட்ட சூரியத் தகடுகளுக்கு, அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸை எட்டினால் உடனே விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. சில ஆயிரம் கூரைகள் இருந்தவரை அதனால் பாதிப்பில்லை. தகடுகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்கியபோதுதான் அதன் விபரீதம் புரிந்தது: உற்பத்தி சற்றே மிஞ்சி எண் 50.2ஐத் தொட்டால், பல்லாயிரம் மெகாவாட் ஒரே கணத்தில் விலகிப்போகும். மிகுதியாக இருந்த இடத்தில் பெரும் பற்றாக்குறை வந்துவிடும். விபத்து நேரும் முன்பே விழித்துக்கொண்டு, 2012இல் தனி ஆணை பிறப்பித்து, சுமார் 3,15,000 அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் மாற்றியமைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். விதி எழுதும்போது ஒரு வரியை மாற்றியிருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும்.

தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2016 செப்டம்பர் 28 மாலை, கடும் புயலில் உயர் அழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடங்களுக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து மீண்டது. அங்கிருந்த காற்றாலைகள் புயலிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் எண்ணிக்கை அமைக்கப்பட்டிருந்தது: குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுகள்வரை தாக்குப்பிடி, அதற்கு மேல் போனால் உற்பத்தியைக் குறைத்துவிடு. எண்ணிக்கை நிறைந்தது. ஒன்பது காற்றாலைத் தொகுதிகள் ஏழு நொடிக்குள் 456 மெகாவாட்டைக் கைவிட்டன. அந்தப் பற்றாக்குறை முழுவதும் பக்கத்து மாநிலத்துடனான இணைப்பின் மேல் விழ, அதுவும் தாங்காமல் அறுபட்டது. தனித்து விடப்பட்ட மாநிலத்தில் அதிர்வெண் நொடிக்கு ஆறு ஹெர்ட்ஸ் வேகத்தில் விழுந்தது. சில பகுதிகளை மட்டும் துண்டித்து மற்றதைக் காப்பாற்றும் தானியங்கி ஏற்பாடு வேலை செய்யக்கூட நேரமில்லை. 8.5 லட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள்.

பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி என்னை இன்றுவரை உறுத்துகிறது. காற்றாலைகளுக்குள் அப்படி ஓர் எண்ணிக்கை வரம்பு இருப்பதே மின்தொகுப்பை இயக்குபவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவுடன் மாற்றிவிட்டார்கள், அது ஓர் அமைப்பு மாற்றம், அவ்வளவுதான்.

பிரிட்டனில் 2019 ஆகஸ்ட் 9 அன்று மாலை நடந்ததும் இதன் உடன்பிறப்பு. ஒரு மின்பாதையில் இடி விழுந்தது. அது அன்றாடம் நடப்பது. ஆனால் அதே நொடியில் ஹார்ன்ஸீ கடல் காற்றாலையின் கட்டுப்பாட்டு மென்பொருள் மின்னழுத்த அசைவைத் தவறாகக் கையாள, 737 மெகாவாட் போனது. லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையத்தின் நீராவி டர்பைன் 244 மெகாவாட்டோடு நின்றது. நாடெங்கும் சிதறிக் கிடந்த சிறு உற்பத்தியாளர்கள், “ஏதோ தவறு, ஒதுங்கிவிடு” என்ற பழைய விதிப்படி இன்னும் சுமார் 500 மெகாவாட்டை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அதிர்வெண் 48.8 வரை இறங்க, சுமார் 11 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. முக்கால் மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. ஆனால் ஒரு வகை ரயில்கள் 49க்குக் கீழே அதிர்வெண் போனதும் தாமாகவே நின்றுவிட்டன. அவற்றில் பலவற்றைத் தொழில்நுட்பர்கள் நேரில் போய்த்தான் மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. பயணிகள் பல மணி நேரம் சிக்கிக்கொண்டார்கள். அங்கேயும் நின்றது எரிவாயு நிலையமும் காற்றாலையும் சேர்ந்து என்பதைக் கவனிக்க வேண்டும். பழியை ஒரு பக்கம் மட்டும் போடுவது நியாயமில்லை.

மூன்றாவது, 2025 ஏப்ரல் 28, ஸ்பெயினும் போர்ச்சுகலும். இதில் பிரச்சினை அதிர்வெண்ணில் தொடங்கவில்லை, மின்னழுத்தத்தில் தொடங்கியது. இளவேனில் நண்பகல், நல்ல வெயில், மிதமான தேவை. நீண்ட உயர் அழுத்தக் கம்பிகளில் சுமை குறைவாக ஓடும்போது கம்பிகளே மின்னழுத்தத்தை ஏற்றிவிடும் குணம் கொண்டவை. அதை உறிஞ்சிக்கொள்ள யாராவது வேண்டும். மின்துறையில் ரியாக்டிவ் பவர் என்று சொல்லும் அந்தப் பணியைப் பழங்காலம் முதல் பெரிய ஜெனரேட்டர்கள் செய்துவந்தன. அன்று அந்தப் பணிக்கு இருந்தவை குறைவு. இருந்தவற்றிலும் சில எதிர்பார்த்த அளவுக்கு உறிஞ்சவில்லை. சூரிய மின் நிலையங்களோ அன்றைய விதிப்படி, மின்னழுத்தம் எப்படி ஆடினாலும் மாறாத ஒரே விகிதத்தில் இயங்கின. மின்னழுத்தம் ஏறியது, வரம்பு மீறியதால் ஒரு நிலையம் தன்னைத் துண்டித்துக்கொண்டது, அதனால் மேலும் ஏறியது, அடுத்தது விலகியது. நண்பகல் 12.33க்குத் தீபகற்பமே இருண்டது. மின்னழுத்த ஏற்றம் இப்படிச் சங்கிலியாகப் பரவி ஒரு பெருந்தடையாக முடிந்தது ஐரோப்பாவுக்கே புதிது.

வருத்தம் என்னவென்றால், இன்வெர்ட்டர் இந்தப் பணியைச் செய்ய வல்லது. ஜெனரேட்டரைவிட விரைவாகவே செய்யும். தகட்டில் வெயில் படாத இரவில்கூடச் செய்யும்படி அமைக்கலாம். அதைச் செய் என்று விதி கேட்கவில்லை, செய்தால் கூலியும் இல்லை. அந்த ஆண்டிலேயே ஸ்பெயின் விதியைத் திருத்தியது.

ஆக, நொடிகளில் எழும் பிரச்சினைகளுக்கு விடை கையில் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா 2017 இறுதியில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி ஒன்றை நிறுவியது. அதிர்வெண் அசைந்த கணத்தில், நொடியின் ஒரு பகுதிக்குள், அது மின்சாரத்தைக் கொட்டுகிறது. பிறகு எரிபொருளே இல்லாமல் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும் நான்கு பெரிய எந்திரங்களை வைத்தார்கள். சிங்க்ரனஸ் கண்டென்சர் என்று பெயர். நிலைமம் தருவதும் மின்னழுத்தத்தைத் தாங்குவதும் மட்டுமே அவற்றின் வேலை. அயர்லாந்து இதைப் படிப்படியாகச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த நேரத்திலும் காற்று முதலியவற்றின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் சோதித்துப் பார்த்து, 2022இல் அதை 75 சதவீதமாக்கினார்கள். நிலக்கரி நிலையம் இருந்த மணிபாயின்ட்டிலேயே இந்த வகையில் உலகின் மிகப் பெரிய சுழற்சக்கரத்தை நிறுவினார்கள். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை.

இனி மணிக்கணக்கு. வெயில் மிகுந்த நாடுகளில் நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகி, மாலையில் அது சாயும் நேரத்தில் வீடுகளின் தேவை ஏறும். மற்ற நிலையங்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மலையேறுவதுபோல் உற்பத்தியைக் கூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் மின்தொகுப்பு இயக்குநர் 2013இல் வரைந்து காட்டிய கோடு வாத்தின் உருவில் இருந்ததால் வாத்து வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் 13,000 மெகாவாட் ஏற வேண்டியிருக்கும் என்று அன்று அஞ்சினார்கள். கேள்வியில் கேட்ட பேட்டரி முழு மதிப்போடு நிற்கும் இடம் இதுதான். 2020இல் அங்கே சுமார் 500 மெகாவாட் பேட்டரி இருந்தது. 2024இல் அது 10,000ஐத் தாண்டியது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு மாலை, 6,000 மெகாவாட்டுக்கு மேல் கொடுத்து, அந்நேரத்தின் மிகப் பெரிய மின் ஆதாரமாகவே பேட்டரிகள் ஆயின. நண்பகல் வெயிலை மாலைக்குக் கொண்டுபோவது இனி தீர்ந்த பிரச்சினை என்றே சொல்வேன். நீரேற்று மின் நிலையங்கள் இதே வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகின்றன. மின்வாகனங்களை நண்பகலில் சார்ஜ் செய்ய வைக்கும் கட்டண முறையும் ஒரு சேமிப்புதான், அதுவும் மலிவான சேமிப்பு.

நாள்கணக்கும் வாரக்கணக்கும் வேறு கதை. குளிர்காலத்தில் வட ஐரோப்பாவில் மேகம் மூடி, காற்றும் அசையாமல் பல நாட்கள் கழிவதுண்டு. ஜெர்மானியர்கள் அதற்கென்றே டுங்கெல்ஃப்ளவுட்டெ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: இருளும் காற்றில்லா அமைதியும் ஒன்றுசேர்ந்தது. நான்கு மணி நேரப் பேட்டரிகளை எத்தனை அடுக்கினாலும் அந்த வாரத்தைக் கடக்க முடியாது. ஆண்டுக்குச் சில நாட்களே பயன்படும் பேட்டரிக்கு முதலீடு திரும்பாது. இங்கே டென்மார்க் நல்ல பாடம். அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. காற்று மிகுந்தால் கடலடிக் கம்பிகள் வழியே நார்வேக்கு விற்கிறது. நார்வே தன் அணைகளைத் திறக்காமல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. காற்று ஓய்ந்தால் அந்த நீர் மின்சாரமாகித் திரும்பி வருகிறது. நார்வேயின் நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் சுமார் 87 டெராவாட் மணி; டென்மார்க்கின் ஓராண்டுத் தேவையைப்போல் இருமடங்குக்கும் மேல். அப்படி ஓர் அண்டை வீடு எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்காதவர்கள், ஆண்டின் பெரும்பகுதி சும்மா நின்று சில வாரங்கள் மட்டும் ஓடும் எரிவாயு நிலையங்களைக் கைவசம் வைத்திருக்கத்தான் வேண்டும். அவை சும்மா நிற்பதற்கும் பணம் கொடுக்கத்தான் வேண்டும். இதை ஒப்புக்கொள்வதில் தூய எரிசக்தியை ஆதரிப்பவர்களுக்குத் தயக்கம் தேவையில்லை. ஆண்டில் சில வாரங்கள் எரியும் எரிவாயுவும் ஆண்டு முழுதும் எரியும் நிலக்கரியும் ஒன்றாகிவிடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கம்பிதான். சூரிய மின் நிலையத்தை ஓரிரு ஆண்டுகளில் கட்டி முடித்துவிடலாம். அதன் மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுவரும் உயர் அழுத்த மின்பாதைக்கு நில அனுமதி, வழக்கு, ஊராரின் எதிர்ப்பு என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடுகிறது. ஜெர்மனியின் வடகடல் காற்றைத் தெற்கின் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசெல்லும் சுமார் 700 கிலோமீட்டர் நீள ஸூட்லிங்க் பாதை 2022இல் முடிவதாகத் திட்டமிடப்பட்டது. கெடு 2028க்குத் தள்ளிப்போய்விட்டது. அதுவரை வடக்கே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுத்து, தெற்கே வேறு நிலையங்களை ஓட்டச் சொல்லியும் பணம் கொடுக்கிறார்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2016இல் காற்றாலைகள் தந்திருக்கக்கூடிய மின்சாரத்தில் 43 சதவீதம் வீணானது. ஆலைகள் முதலில் வந்தன, கம்பிகள் பின்னால் வந்தன. டெக்சாஸ் நேர்மாறாகச் செய்தது. காற்று எங்கே நன்றாக வீசுகிறது என்று பார்த்து மண்டலங்களை வகுத்து, ஆலைகள் வரும் முன்பே சுமார் 5,800 கிலோமீட்டர் மின்பாதைகளுக்கு உத்தரவிட்டு, 2014 வாக்கில் முடித்தும்விட்டது. செலவு சுமார் 700 கோடி டாலர். கம்பியைப் பார்த்துக் காற்றாலைகள் தாமாக வந்தன.

சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் கணக்கிட்டபடி, நாடுகள் தங்கள் இலக்குகளை அடைய 2040க்குள் 8 கோடி கிலோமீட்டர் மின்பாதைகளைப் புதிதாகப் போடவோ புதுப்பிக்கவோ வேண்டும். இன்று உலகில் இருக்கும் மொத்த நீளம் அவ்வளவு. தகடு விலை எவ்வளவு குறைந்தது என்று கொண்டாடும் இடங்களில் இந்த எண்ணைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. கொஞ்சம் மின்சாரம் வீணாவதில் தவறில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆண்டில் சில மணி நேரமே வரும் உச்ச உற்பத்திக்காகக் கம்பியைப் பெருக்குவதைவிட அந்த உற்பத்தியை விட்டுவிடுவது மலிவு. நூற்றில் நாலைந்து வீணானால் கவலைப்பட மாட்டேன். நாற்பது வீணானால் யாரோ திட்டமிடவில்லை என்று அர்த்தம்.

முன்கணிப்பைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அது இன்று நல்ல நிலையில் இருக்கிறது. 2015 மார்ச் 20 காலை ஐரோப்பாவில் சூரிய கிரகணம். ஜெர்மனியில் மட்டும் சுமார் 38,000 மெகாவாட் சூரியத் தகடுகள் இருந்தன. பல மாதங்களுக்கு முன்பே நிமிட வாரியாகக் கணக்கிட்டு, கூடுதல் ஆட்களையும் கையிருப்பு மின்சாரத்தையும் வைத்துக்கொண்டார்கள். எங்கும் விளக்கணையவில்லை.

கடைசியாக, கேள்வியில் இல்லாவிட்டாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் ஒன்று: எல்லாம் அணைந்துபோனால் மறுபடி யார் ஏற்றுவது? பெரும்பாலான மின் நிலையங்கள் தொடங்குவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். 2025இல் ஸ்பெயின் மீண்டெழுந்தது பிரான்ஸிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் வந்த மின்சாரத்தாலும், தாமாகத் தொடங்கவல்ல நீர்மின் நிலையங்களாலும். அடுத்தவர் சுருதியைக் கேட்டுப் பாடும் இன்வெர்ட்டருக்கு, மேடையே நிசப்தமாக இருக்கும்போது பாடத் தெரியாது. ஆனால் தானே அலையை உருவாக்கும் இன்வெர்ட்டர்கள் இப்போது வந்துவிட்டன. 2020இல் ஸ்காட்லாந்தின் டெர்சாலாக் காற்றாலையில் அதைச் சோதித்தார்கள். மின்சாரமே இல்லாத ஒரு மின்தொகுப்புப் பகுதியை, வெளி உதவி எதுவும் இல்லாமல், காற்றாலைகளே தங்கள் அலையைக் கொடுத்து எழுப்பி நிறுத்தின.